பின்னறைக்கு ஒரு நிறம்

பலகையில் மாட்டியிருந்த பல்புகள் எல்லாம் ஒன்றாக நீலமாயின.

பிறகு பச்சை. பிறகு மாம்பழ மஞ்சள்.

"ஒரு கோடியே அறுபது லட்சம் கலர் வரும்க்கா," என்றாள் கடைப் பெண். "சுவிட்சத் தொடவே வேணாம். எல்லாம் போன்லயே."

கணவனோடு பல்பு வாங்க வந்தவளின் கண் மாம்பழ மஞ்சளில் நின்றுவிட்டது. கூடத்துக்கு அது. படுக்கையறைக்கு அதையே இன்னும் கொஞ்சம் மங்கலாக. கல்யாணமாகி ஏழு மாதத்தில் அந்த வீட்டுக்கென்று அவளைக் கேட்டு வாங்குகிற முதல் பொருள் இதுதான். திரைச்சீலைகூட மாமியார் எடுத்தது.

கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று அவள் கணவன் எடுத்து வைக்கச் சொன்னான்.

"நாலாவது பின்னறைக்கு. அதுக்குச் சிவப்பு. நல்லா அடர்த்தியா."

பின்னறையில் யாரும் படுப்பதில்லை.

மாதத்தில் மூன்று நாள் தவிர. அந்த மூன்று நாளும் அவள்தான்.

"அங்க எதுக்குங்க சிவப்பு?"

அவன் அவளை இரண்டடி தள்ளிக் கூட்டிப்போனான். குரலைத் தாழ்த்தினான். பரிசு கொடுக்கப் போகிறவனின் களை முகத்தில்.

"நீ உள்ள போனதும் நான் போன்ல தட்டிடுவேன். சிவப்பு எரியும். அம்மா பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. அவங்களும் உன்னைக் கேக்க வேணாம், நீயும் வாய்விட்டுச் சொல்ல வேணாம். உனக்கும் கூச்சமா இருக்கும்ல?"

அவளுக்கு எந்தக் காலத்திலும் கூச்சம் இருந்ததில்லை.

போன மாதம்தான் இந்த பல்பு யோசனை ஆரம்பித்தது. பின்னறையிலிருந்து வந்தவள் ஏதோ நினைப்பில் கூடத்து லைட்டைப் போட்டுவிட்டாள். மாமியார் மஞ்சள் தண்ணீரில் துணியை முக்கி எடுத்து வந்து சுவிட்ச் போர்டைத் துடைத்தார்.

ஈரத்துணி. ஓடுகிற கரண்ட்.

"அத்தை, மெயினை அணைச்சுட்டுத் துடைங்க!" என்று கத்தினாள். மின்னியல் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். என்ன படித்து என்ன, ஒதுங்கி நிற்கிறவள் பேச்சு யார் காதில் ஏறும்? மாமியாரின் கை விர்ரென்று இழுத்து உதறியது. நல்லவேளை, பின்னால் சோபா இருந்தது.

வேறு யாராவது என்றால் அன்றோடு தீட்டை விட்டிருப்பார்கள்.

அவன் சுவிட்சை விட்டுவிட்டான்.

அவனை நல்லவன் என்று ஊரே சொல்லும். அதுதான் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. அடிக்க மாட்டான். அதட்ட மாட்டான். மூன்று நாளும் சோற்றுத் தட்டை அவனே எடுத்து வந்து பின்னறை நிலைப்படியில் வைப்பான்.

வைப்பான். கையில் கொடுக்க மாட்டான்.

அவள் பிறந்த வீடு ஒரே அறை. ஆறு பேர். அடுப்பும் அங்கேதான், பாயும் அங்கேதான். ஒருத்தியை ஒதுங்கச் சொன்னால் தெருவில்தான் ஒதுங்க வேண்டும். அதனால் யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. அம்மா முப்பது நாளும் பொங்கினாள். எல்லோரும் தின்றார்கள். ஒருவரும் செத்துப்போகவில்லை.

தீட்டுப் பார்க்க வீட்டில் ஓர் அறை உபரியாக இருக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சிக்னல் மாதிரி," என்றாள்.

"அதேதான்!" என்றான் அவன். புரிந்துகொண்டாளே என்ற சந்தோஷம்.

அவள் கடைப் பெண்ணிடம் திரும்பி நடந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"ஏம்மா, தீட்டுக்கு எந்தச் சிவப்பு எடுப்பா இருக்கும்?"

மின்விசிறிக்கு விலை பேசிக்கொண்டிருந்த பெரியவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் குனிந்துகொண்டார்.

"ஏய்..." அவன் பல்லைக் கடித்தான். "கடையில நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது?"

"வீட்டுல லைட் போட்டுச் சொல்லலாம். கடையில வாயால சொல்லக் கூடாதா?"

கடைப் பெண் சிரிக்கவில்லை. அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள். பிறகு திரையில் விரலை வைத்து, அவசரமே இல்லாமல், மெல்ல இழுத்தாள்.

ரோஜா. செம்பருத்தி. அதற்கும் அப்பால் ஒரு சிவப்பு.

அவன் வெள்ளைச் சட்டை சிவந்தது. பெரியவரின் வேட்டி சிவந்தது. கல்லாவுக்கு மேலே மாலை போட்டிருந்த சாமி படமும் சிவந்தது.

"இதுதான்க்கா. தெருமுனையிலேர்ந்தே தெரியும்."

"எட்டு குடும்மா."

"நாலு போதும்," என்றான் அவன். "மிச்சத்தை எங்க மாட்டுவ?"

"உங்க வீட்டுல எட்டு ஹோல்டர் இருக்கு. வாசலோட சேத்து. பூஜை ரூமோட சேத்து."

பெரியவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையை ஆட்டினான் அவன்.

கடைப் பெண் எட்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேல் பெட்டியைப் பிரித்து, பல்பைச் சோதனை ஹோல்டரில் திருகினாள்.

"யாரு போன்ல சேக்கணும்? மொதல்ல சேக்குற போன்தான் ஓனர். மத்தவங்க அப்புறம் கேட்டுத்தான் உள்ள வரணும்."

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

அவளுடைய போன் அதற்குள் மேசைமேல் இருந்தது.