புத்தகத்தில் இல்லாத வரி

"இந்த வரி புத்தகத்திலேயே இல்லையே" என்றார் நூலகர்.

சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் படித்த புத்தகத்திலிருந்து, மனசில் ஒட்டிக்கொண்ட வரியைப் பார்க்காமல் சொல்லவேண்டும். படிக்காமல் வந்து கதை விடுகிறவர்களுக்கு அடுத்த வாரம் இடமில்லை.

இந்தத் தடவை, முழுக்கக் கவிதையாகவே எழுதிய ஒரு சிறுவர் நாவல். புற்றுநோயில் படுத்துவிட்ட அம்மாவைப் பற்றி மகள் சொல்லும் கதை.

தையல்காரர் மகள் சொன்ன வரி இதுதான்:

"முடி முளைத்த தலையோடு அம்மா வீடு திரும்பினாள். சீப்பைத் தேடினோம். ஒளித்து வைத்தது யாரென்று யாரும் கேட்கவில்லை."

"கடைசிப் பக்கத்துல வருது மேடம்" என்றாள்.

"வீடு திரும்பினாளா? நீ எந்தக் கடையில வாங்கின புத்தகம் படிச்சே?" என்று கண்ணாடி போட்ட பெண் சிரித்தாள்.

"இவளே எழுதிட்டா மேடம். பெரிய கவிஞர்" என்றாள் இன்னொருத்தி.

வட்டமே சிரித்தது. நூலகர் சிரிக்கவில்லை. போனில் கதைச்சுருக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து அளக்கிற பிள்ளைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர் அவர். இவள் அந்தச் சுருக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறதே.

"உண்மையைச் சொல்லு. படிச்சியா, இல்லையா?"

"அம்மா படிச்சுக் காட்டினாங்க."

"ஏழாங்கிளாஸ் பொண்ணுக்கு அம்மா படிச்சுக் காட்டணுமா?"

"நானே படிக்கறேன்னுதான் சொன்னேன். அம்மா புத்தகத்தைக் கையிலயே தரல."

"பழியைத் தூக்கி அம்மா தலையில போடாதே."

"நான் பொய் சொல்லல மேடம். என்னை வட்டத்துலேர்ந்து எடுத்துடாதீங்க."

"அப்படின்னா எழுந்து நில்லு. கடைசிப் பக்கத்தைச் சத்தமா படி. பொய்யா நிஜமான்னு எல்லாரும் கேக்கட்டும்."

கண்ணாடிக்காரியின் புத்தகம் கை மாறியது. தையல்காரர் மகள் எழுந்து நின்று படித்தாள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் பை மட்டும் வந்தது..."

குரல் நின்றுவிட்டது.

"நிறுத்தாதே. முழுசா படி."

படித்தாள். பைக்குள் இருந்த போர்வை, பாதி தீர்ந்த மருந்து, யாரும் படுக்காத கட்டில், ஒன்று விடாமல் படித்து முடித்தாள். சிரித்தவர்கள்கூட இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பத் தெரிஞ்சுதா, கதை எப்படி முடியுதுன்னு?"

"தெரிஞ்சுது மேடம்."

புத்தகத்தை மூடி, உரியவளிடம் கொடுத்தாள். முகத்தில் அழுகை இல்லை. அதைப் பார்த்து நூலகருக்குக் கொஞ்சம் மனசு இளகியது.

"சரி, போனாப் போகுது. வட்டத்துல இரு. ஆனா வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட கேளு, முடிவை ஏன் மாத்திப் படிச்சீங்கன்னு."

"கேக்க மாட்டேன் மேடம்" என்றாள் அவள். "எங்கம்மாவுக்கும் இதே வியாதிதான்."