கணக்கப்பிள்ளையின் ரிங்டோன்

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த வாய மூடிக்கிட்டு இரு, இருளாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

தோட்டத்துச் சங்கத் தலைவர் காத்தமுத்து கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"மன்னிப்புத்தானே தலைவரே, கேட்டுட்டாப் போச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்," என்றாள் இருளாயி.

இரண்டு வாரமாக அவளுக்கு வேலை இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாழ்ப்பாணத்துக் கணக்கப்பிள்ளை ஏரம்பமூர்த்தியை எல்லோர் முன்னாலும் கண்டபடி பேசிவிட்டாளாம். அவள் ஒன்றும் புதிதாகப் பேசவில்லை. சாக்கின் எடை, இலையின் ஈரம் என்று சொல்லி அவர் நிறுவையில் கிலோ வெட்டும்போதெல்லாம், மடுவத்துத் தகரத்தில் தட்டித் தட்டி இருபது வருடமாக அவள் செய்துவரும் அதே அர்ச்சனைதான். ஆனால் லண்டனில் மகளுக்குப் பரிசு கிடைத்த பிறகு கணக்கப்பிள்ளைக்கு அதையெல்லாம் தாங்க முடியவில்லை.

மகளுக்கு இன்று தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பாராட்டு விழா. அந்த மேடையில் இருளாயி மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் நாளைக் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் லயத்து வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

புதுச் சட்டை மொடமொடக்க ஏரம்பமூர்த்தி வந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் படபடவென்று பொரிந்து தள்ளியது. பாட்டு முடியும்வரை அவர் போனை எடுக்கவேயில்லை. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் போட்டுக் காட்டிய பாட்டு அது.

"கேட்டனீங்களே தலைவர்? என்ர மகள் நிலக்சி! பன்னிரண்டு வயசில சின்னம்மாவோட லண்டனுக்குப் போனவள். உன்ர இங்கிலீசு என்ன இங்கிலீசு எண்டு பள்ளிக்கூடத்தில சிரிச்சவங்கள். பிறகு சந்தையில, பஸ் ஸ்டாண்டில, ஒருத்தரும் திரும்பிப் பாக்காத இடமெல்லாம் நிண்டு பாடினவள். இப்ப முழு பிரிட்டனிலும் பொம்பிளை ராப் பாட்டுக்காரியளுக்குள்ள இவள்தான் முதலாவது!"

"அந்தப் பாட்டு என்னங்கய்யா சொல்லுது?" இருளாயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. காத்தமுத்து அவளை முழங்கையால் இடித்தார்.

"லண்டன் இங்கிலீசு, சரியான வேகம். எனக்கே பிடிபடேல்லை. ஆனா மகள் சொன்னவள், 'அப்பா, இது உங்களைப் பற்றின பாட்டு' எண்டு."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. இருளாயிக்கு வயிறு எரிந்தது. மடுவத்துப் படியில் உட்கார்ந்து, அப்பாவின் வேலை முடியும்வரை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒல்லிக் குச்சிக்கு வந்த வாழ்வைப் பார்!

விழா தொடங்கியது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்த தோட்ட நிர்வாகி, பெரிய துரை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காதில் வளையல் அளவு தோடும் கிழிந்த ஜீன்ஸுமாக நிலக்சி மேடையேறி, பரிசு வாங்கிய பாட்டைப் பாடினாள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள். இருளாயியின் கால் மட்டும் தானாகத் தாளம் போட்டது. அதட்டி நிறுத்தினாள்.

அடுத்தது அவள் முறை. காத்தமுத்து மைக்கைக் கையில் கொடுத்தார்.

"கணக்கப்பிள்ளை ஐயா மன்னிக்கணும். மடுவத்துல நா பேசுனது..."

"பொறுங்கோ இருளாயி அக்கா," என்று நிலக்சி குறுக்கிட்டாள். "அப்பிடி என்ன பேசினனீங்கள்? அதைச் சொன்னாத்தானே மன்னிக்கலாமோ இல்லையோ எண்டு தெரியும்."

காத்தமுத்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். சொன்னால் வேலை போகும் என்பது இருளாயிக்குத் தெரியும்.

நிலக்சி மேசையில் தட்டத் தொடங்கினாள். டக், டக்கு டக். மடுவத்துத் தகரத்தின் சத்தம் அது. இருபது வருடப் பழக்கம் விடுமா? இருளாயியின் வாய் தானாகத் திறந்தது.

"சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு,
வெயிலு காயுது, தண்ணி ஏதுங்க?
நெத்தி வேர்வையா, கண்ணு தண்ணியா,
நிறுத்துச் சொல்லுங்க, கணக்கப்புள்ளைங்க!"

இரண்டாவது முறை நிலக்சியும் சேர்ந்துகொண்டாள். அதில் யாழ்ப்பாணமும் இல்லை, லண்டனும் இல்லை. அச்சு அசல் தோட்டத் தமிழ், ஓர் எழுத்துப் பிசகவில்லை. மூன்றாவது முறை கொழுந்துக்காரிகள் அத்தனை பேரும் எழுந்து நின்று பாடினார்கள். இருளாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பெரிய துரை எழுந்தார். "ஏரம்பமூர்த்தி, வெயில் நாள்ளயும் தண்ணிக்கு வெட்டுறதா?"

கணக்கப்பிள்ளை மெல்ல நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தார்.

"நாளைக்கி நான் மடுவத்துக்கு வாறது. இருளாயி, நீங்க வேலைக்கி வாங்க."

விசில் பறந்தது. இருளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஏரம்பமூர்த்தியின் சட்டைப் பையில் போன் அடித்தது. நிலக்சி இறங்கி வந்து மைக்கை அந்தப் பைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"உங்களைப் பற்றின பாட்டு எண்டு நான் முதலே சொன்னனான்தானே, அப்பா? சொல்லெல்லாம் இருளாயி அக்காவின்ர. இங்கிலீசு மட்டும்தான் என்ர."

ஊரெல்லாம் தான் பெருமையாகப் போட்டுக் காட்டியது எதை என்று கணக்கப்பிள்ளைக்கு விளங்குவதற்குள், மைதானமே அந்த ரிங்டோனுக்குக் கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டது: "சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு..."