எந்த வருஷத்துப் பைப்?

சிகரெட் புகை பட்டாலே தும்முகிறவன், புகைபிடிக்கும் பைப் செய்யும் பழைய பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் கேட்டலாக்குகளை அலமாரி நிறையச் சேர்த்திருந்தான்.

"இதுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்றாள் அம்மா.

"அப்பா ஞாபகமா ஒரு பைப் கொடுத்தியே, அது எந்த வருஷத்ததுன்னு தேடினேன். கிடைச்சிடுச்சு. ஆனா தலையும் புரியலை, வாலும் புரியலை."

"ஏன்?"

"நான் வயித்துல இருக்கும்போதே அப்பா தவறிட்டார்னுதானே சொன்னே? இந்த மாடல் வந்ததே எனக்கு நாலு வயசானப்புறம்தான். இது யாரோட பைப்மா?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரோடதுதான். நம்மளை விட்டுட்டுப் போனவர், உனக்கு அஞ்சு வயசானப்ப உன்னைப் பார்க்கணும்னு வந்து நின்னார். வாசலோட துரத்திட்டேன். அப்போ அவர் கையிலேர்ந்து விழுந்ததுதான் இந்தப் பைப்."

"அப்போ... இப்ப அவர்?"

"வருஷா வருஷம் உன் பேருக்கு லெட்டர் வருதுடா. நான்தான் ஒண்ணையும் பிரிக்கலை."