ஆச்சுங்களா, தம்பி?

"ஏனுங் தம்பி, ஆச்சுங்களா?"

சாக்குப் போட்டு மூடியிருந்த டிவி பெட்டியைத் திரும்பிப் பார்த்தான் மெக்கானிக் வெள்ளியங்கிரி. "இன்னும் வால்வு வரலைங்கண்ணா. பழைய சிங்கப்பூர் கலர் செட்டுங்களா, மெட்ராஸ்லயே கெடைக்க மாட்டேங்குது."

"வரட்டுமுங், வரட்டும். அவசரமில்லீங்" என்றார் மயில்சாமி.

கொடிக்கால் வைத்திருக்கிற மனுஷன். பரமத்தி வேலூருக்கு வெற்றிலை விற்க வரும் சந்தை நாளில் தவறாமல் கடையேறி இதே கேள்வியைக் கேட்பார். இதே பதிலை வாங்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் போவார். ஒரு தடவையாவது சாக்கைத் தூக்கிப் பார்த்ததில்லை.

தூக்கியிருந்தால் வெள்ளியங்கிரியின் மானம் அன்றைக்கே கப்பலேறியிருக்கும். சாக்குக்கு அடியில் இருந்தது வெறும் கூடு. செத்துப்போன வால்வு செட்டுகளைக் கண்ட இடத்திலெல்லாம் வாங்கிச் சேர்ப்பது அவனுக்கு ஒரு பைத்தியம். அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சாக்கைப் போட்டு வைத்திருந்தான்.

மயில்சாமியின் செட் எப்போதோ சரியாகிவிட்டது. சரியாகி, வெள்ளியங்கிரியின் வீட்டில், அவன் மனைவி வசந்தாமணியின் கட்டிலுக்கு எதிரே ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கிணற்றுப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள், சுவரையே வெறித்துக்கொண்டு கிடந்தாள். கொடைக்கானலில் டவர் போட்டு இந்தப் பக்கமும் படம் தெரிய ஆரம்பித்திருந்த நேரம். ஒரு நாள் ஓட்டிச் சோதித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் செட்டை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

வால்வு சூடேறி, இருட்டுக் கண்ணாடியில் மெல்ல நிறம் ஊறி வந்தது. "ஐயோ, அந்தச் சீலையைப் பாருங்! மாம்பழ மஞ்சளு!" என்று கத்திச் சிரித்தாள் வசந்தாமணி. விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"பழைய சாமானை வெச்சே இப்பிடியொண்ணைப் பண்ணிப்போட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

திருப்பிக் கொடுத்துவிட நினைக்காமல் இல்லை. ஒரு நாள் துணிந்து பிளக்கைப் பிடுங்கினான். "கரண்டு போயிருச்சுங்களா?" என்றாள், குழந்தை மாதிரி. "ஆமா, இப்ப வந்துரும்" என்று திரும்பச் சொருகினான்.

அடுத்த சந்தைக்கு மயில்சாமி ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கரண்டு ஏறி எறங்குதுங்களே தம்பி. இது எங்கூட்ல சும்மாதானே கெடக்குது, நீங்களே வெச்சுக்குங்க. செட்டுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாது பாருங்."

இப்படி நம்புகிற மனுஷனையா ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே வெள்ளியங்கிரி அதை வாங்கி வைத்தான். ஆனாலும் சாயங்காலம் அந்த ஸ்டெபிலைசரையும் வீட்டுக்குத்தான் கொண்டுபோனான். மனசுக்கு வெட்கம் ஏது?

ஒரு வெள்ளிக்கிழமை மயில்சாமியின் ஊரில் ஒரு வீட்டுக்கு ஆன்டெனா திருப்பிவைக்கப் போனான். சினிமாப் பாட்டுப் போடுகிற நேரம். வீட்டுக்குள் உட்கார இடமில்லை. மொட்டை மாடியிலிருந்து குனிந்து பார்த்தால், சன்னலுக்கு வெளியே பிள்ளைகளோடு பிள்ளையாக எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது மயில்சாமியின் மனைவி பெரியநாயகி. சொந்தமாகக் கலர் டிவி இருந்தும் அந்தம்மாள் அடுத்த வீட்டுச் சன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாரால்? தன்னால்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையிலேயே செட்டின் ஒயரைச் சுருட்டினான்.

"கலரு கொஞ்சம் இழுக்குது. கடையில வெச்சுப் பாத்துட்டுக் கொண்டாரேன்" என்றான். பொய்க்கு மேல் பொய்.

"வெரசாக் கொண்டாந்துருங்க" என்றாள் வசந்தாமணி. "எனக்கு வேற என்னங்க இருக்குது?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

செட்டையும் ஸ்டெபிலைசரையும் வாடகை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மயில்சாமியின் வாசலில் இறக்கினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்த வால்வு..." என்று திணறினான்.

அதற்குள் சொம்பில் தண்ணீரோடு வந்த பெரியநாயகி, செட்டைப் பார்த்ததும் முகம் வாடிப்போனாள்.

"இதை ஏனுங் தம்பி இங்க கொண்டாந்தீங்க? அங்க வசந்தாமணிக்கு எப்பிடிப் பொழுது போகும்?"

வெள்ளியங்கிரியின் கையிலிருந்த ஒயர் நழுவி விழுந்தது. இரண்டு காதும் சுட்டன.

"உங்களுக்கு... தெரியுமுங்களா?"

"மொத வாரமே தெரியுமுங்" என்றார் மயில்சாமி. "கடை பூட்டிக் கெடந்துச்சுன்னு உங்கூட்டுக்கு வந்தேன். சன்னல் வழியாப் பாத்தேன். புள்ள படுத்தவாக்குல சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. கூப்பிடாமத் திரும்பிட்டேன்."

"அப்பறம் ஏனுங்கண்ணா சந்தைக்குச் சந்தை வந்து ஆச்சா ஆச்சான்னு கேட்டீங்க? ஒவ்வொரு வாட்டியும் செத்துப் பொழைச்சனுங்க!"

மயில்சாமி குனிந்து, செட்டைத் திரும்ப வண்டியில் ஏற்றுவதற்காக அதன் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"கேக்காம உட்டிருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே, தம்பி."