மீன் சாப்பிட நாலு பேர்

வறுத்த தேள் சின்ன இறால் மாதிரிதான் இருக்கும் என்றார் பிதான் லாஹிரி, தட்டிலிருந்த கசப்புக் கூட்டை ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே.

எதையும் தின்னும் சங்கம் ஒன்றுக்கு அவர் தலைவர். பாங்காக்கில் தேள், நாகாலாந்தில் பட்டுப்புழு. புழுவை விழுங்கும்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட படத்துக்கு, தியானம் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

பழைய காலத்து வீட்டுச் சாப்பாடு ஒரு வேளை போடுங்கள் என்று மொனாமியை மாதக்கணக்காகக் கேட்டு வந்தவர். பிடிகொடுக்காமலே இருந்தவள், இன்று மத்தியானம் கழிந்ததும் தானே கூப்பிட்டு, சாயங்காலம் நாலு பேராக வாருங்கள் என்றாள்.

தன் புகழ் மொனாமி குடியிருக்கும் ஷியாம்பஜார் சந்துக்குள்ளும் நுழைந்துவிட்டது என்று வழியெல்லாம் காரில் விளக்கிக்கொண்டு வந்தார் லாஹிரி.

மொனாமிக்கு வேண்டியது ஒன்றுதான். வந்தவர்கள் மீனைச் சாப்பிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது.

பருப்பு முடிந்து அவள் மீனை எடுக்கப் போனபோது, உங்களால் சாப்பிட முடியாதது என்று ஒன்றுமே கிடையாதா என்று சங்கத்துக்காரர் ஒருவர் தலைவரைக் கேட்டார். அதைக் கேட்பதற்கென்றே கூட்டிவரப்பட்டவர்போல் இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குப்பா. சாவு வீட்டுச் சோறு. பாம்பை வச்சாக்கூட உரிச்சுத் தின்னுடுவேன். அது மட்டும் தொண்டையில இறங்காது."

எல்லோரும் சிரித்தார்கள்.

மொனாமி மீன் சட்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தோர்ஷா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் பின்கட்டில் கை கழுவிவிட்டு வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மொனாமியைப் பார்த்தாள். பிறகு லாஹிரியைப் பார்த்தாள்.

வாய் திறக்கப் போகிறாள் என்று மொனாமிக்குத் தோன்றியது.

தோர்ஷா தட்டை நீட்டினாள்.

ஒரு துண்டைச் சோற்றில் பிசைந்து, முள் எடுத்து, நிதானமாகத் தின்று முடித்தாள். இன்னொன்று கேட்டாள். புதிதாக வந்தவளே இரண்டு தின்ற பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியவில்லை. தலைவர் என்ற முறையில் லாஹிரி தலையைக் கேட்டு வாங்கினார்.

ஒவ்வொருவரும் விழுங்கும்வரை மொனாமி அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கடைசித் துண்டைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தோர்ஷாவும் எழுந்து பின்னாலேயே போனாள். கொடியில் கரையில்லாத வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"மத்தியானம் ஒருத்தருமே வரலையா தீதி?"

"பெரியப்பா வீட்டுல எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பொண்ணு கொள்ளி வச்ச வீட்டுல கை நனைக்க மாட்டோம்னுட்டாங்க. காரியம் முடிஞ்ச மறுநாள் நாலு பேர் மீன் சாப்பிடாம, அப்பா துக்கத்தை நான் எப்படி முடிக்கிறது?"

சொல்லிவிட்டு, மீனைக் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டாள். மெல்லத் தெரியாதவள்போல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே லாஹிரி மீனின் கண்ணை விரல்நுனியில் ஏந்தி, இதைத் தின்ன இங்கே யாருக்காவது துணிச்சல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.