காந்தம் பிடித்த இடம்

பழைய கார் ஒரிஜினலா, பழுது பார்த்ததா என்று சொல்வது என் தொழில். நசுங்கிய தகரத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. போகிற வீட்டிலெல்லாம், "ஒரிஜினல்னு சொல்லிடுங்க சார்" என்று உயிரை எடுப்பார்கள்.

இந்த வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் தன் மனைவிக்கும் முதுகைக் காட்டியபடி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் காந்தத்தை பானெட்டிலிருந்து டிக்கி வரை ஓர் இடம் விடாமல் வைத்துப் பார்த்தேன். எங்கும் கெட்டியாகப் பிடித்தது. பெயின்ட்கூடப் பழைய கம்பெனி பெயின்ட்.

"ஒரிஜினல்தாம்மா. யாரும் கை வைக்கவே இல்ல," என்றேன் அவர் மனைவியிடம்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. "நல்லாப் பாருங்கண்ணே. எங்கேயாவது பட்டி பூசியிருக்கும்."

"இல்லாததை எப்படிம்மா சொல்றது?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "கல்யாணமான புதுசுல இந்த வண்டி லாரியில மோதி உருத்தெரியாம நசுங்கிப்போச்சு. நானே போய்ப் பார்த்தேன். உள்ள இவரும் இருந்தாரு. மறுவாரம் இதே வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாரு. எல்லாம் சரி பண்ணிட்டாங்கன்னாரு. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன்."

கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்குப் பின்பக்கமாக ஒதுங்கி நடந்தேன். காந்தம் என் விரல்களிலிருந்து நழுவியது. அது கீழே விழவில்லை. அவர் சட்டை முதுகில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவர் குழாயை மூடினார். திரும்பவில்லை.

"ஒரிஜினல்னு சொல்லிடுங்க சார்," என்றார்.