அழித்த படம்

“நாங்க கெளம்பிட்டோம் நயினாரே. அந்த ஃபோட்டோவை எடுத்து வைங்க.”

பேசியவன் பட்டென்று போனை வைத்துவிட்டான். வீரேந்திரன் கடை வாட்ஸ்அப்பைத் திறந்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அழித்துவிட்டார்.

பின்னால் நின்ற மகள் ஸ்ரீநிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்பா! எதுக்கு அழிச்சீங்க?”

அவர் நட்டு டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார்.

திண்டிவனத்தில் போல்ட் கடைக்கா பஞ்சம்? ஆனாலும் மரக்காணம் மீனவக் குப்பங்கள் வரைக்கும் இந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவள் ஸ்ரீநிதி. பழைய போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அவள் அமைத்த ஏஐ அந்தக் காசை அளவுகோலாக வைத்து, என்ன போல்ட், என்ன சைஸ் என்று சொல்லிவிடும். சாமான் பஸ்ஸில் போய்ச் சேரும்.

அப்படிப் போன ஒரு போல்ட்தான் குப்பத்து மாயவனின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் முறிந்தது. முன்சக்கரம் கழன்று வண்டி கவிழ்ந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் ஆள் பிழைக்கவில்லை.

நியாயம் கேட்கத்தான் அவன் தம்பி ஆனந்தராஜ் வந்துகொண்டிருக்கிறான். அப்பாவோ இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி டப்பா அடுக்குகிறார். எறும்பை மிதிக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த சமண நயினார் இவர்தானா? ஸ்ரீநிதிக்கு அவமானமாக இருந்தது.

ஆனந்தராஜோடு மாயவனின் மனைவி ருக்குவும் வந்தாள். அவள் கையில் முறிந்த போல்ட்.

“லொடலொடங்குதேன்னாரு,” என்றாள் ருக்கு, யாரையும் பார்க்காமல். “மீன் ஏலத்துக்கு நேரமாச்சுன்னு வாஷரைப் போட்டு முறுக்கிக்கினு போனாரு. போனவரு போனவருதான்.”

“இருங்க அண்ணி. நயினாரே, ஃபோட்டோவைக் காட்டுங்க. இவங்கதான் அண்ணன் போன்ல எடுத்து அனுப்புனாங்க. அந்தப் போனு அவரோட சேந்து நசுங்கிப் போச்சு. தப்பு இவங்களுதா, உங்களுதான்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

ருக்கு கை கூப்பினாள்.

“நான் சரியாத்தாங்க காசு வச்சேன். நீதான் தப்பா அனுப்பி எம் புள்ளையக் கொன்னுட்டேன்னு மாமியா என் கையால தண்ணிகூட வாங்க மாட்டேங்குது. படத்தைக் காட்டுங்கய்யா. என் மேல தப்பில்லன்னு தெரிஞ்சாப் போதும்.”

“படம் இல்லம்மா. அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டியா?” ஆனந்தராஜின் மரியாதை பறந்தது. மேஜை மேல் இருந்த டப்பாவைத் தட்டிவிட்டான். கடை முழுக்க நட்டுகள் உருண்டு ஓடின. “பூச்சி செத்துடும்னு பொழுது சாஞ்சா சோறு துன்ன மாட்டே. மனுசன் செத்தா மட்டும் பரவால்லையா?”

தெருவே கூடிவிட்டது. வீரேந்திரன் குனிந்த தலை நிமிரவில்லை.

“படம் எதுக்குங்க? இந்தப் பொண்ணு சரியாத்தான் அனுப்பிச்சு. எங்க மிஷின்தான் சைஸைக் கொறச்சு சொல்லிடுச்சு. தப்பு எங்க கடையோடது. ஸ்டேஷன்ல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

“அப்பா!”

“நீ சும்மா இரும்மா.”

ருக்கு வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு எழுந்து, தெரு மண்ணை ஒரு பிடி வாரிக் கடைக்குள் தூற்றினாள்.

“எங் குடியக் கெடுத்தீங்களே, நாசமாப் போவீங்க!”

“வாங்க அண்ணி,” என்றான் ஆனந்தராஜ். அவன் குரல் இறங்கியிருந்தது. “அம்மாகிட்ட நான் சொல்றேன். உங்க மேல தப்பில்லன்னு நானே சொல்றேன்.”

அவர்கள் போனார்கள். கூட்டமும் தலைக்கு ஒரு சாபம் விட்டுவிட்டுக் கலைந்தது.

ஸ்ரீநிதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“என் மிஷின் மேல பழியைப் போட்டுட்டீங்க. இனிமே ஒருத்தன் நம்ம கடைப் படி ஏறுவானா? போலீஸ் கேஸ் வேற. அந்தப் படம் இருந்தா யாரு தப்புன்னு தெரிஞ்சிருக்குமே! அதுக்குப் பயந்துதானே அழிச்சீங்க?”

வீரேந்திரன் தரையில் உட்கார்ந்து நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சட்டென்று நினைவு வந்து, அவள் ஆத்திரத்தோடு கம்ப்யூட்டரைத் திறந்தாள். வருகிற படத்துக்கெல்லாம் அதில் ஒரு நகல் இருக்கும். அப்பாவுக்கு அது தெரியாது.

படம் வந்தது. துருப்பிடித்த போல்ட். பக்கத்தில் காசு. ஓரத்தில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. ஸ்ரீநிதி காசைப் பெரிதாக்கினாள்.

அது ஒரு ரூபாய் இல்லை. இரண்டு ரூபாய்.

அவசரத்தில் யாருக்கும் மாறிப்போகிற காசுதான். பெரிய காசைச் சின்னக் காசு என்று நம்பிய மிஷின், போல்ட்டையும் சின்னதாக்கிவிட்டது.

“அப்பா...”

வீரேந்திரன் திரும்பித் திரையைப் பார்த்தார்.

“அதையும் அழிச்சிடும்மா. நம்மளத் திட்டிட்டு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுச்சு. வீட்டுலயே திட்டுனா, அது எங்க போவும்?”